கையைத் தூக்கக் கூடாத வாரம்

ஒரு திட்டத்தைக் கொல்ல வேண்டுமானால் அதை எதிர்க்கக் கூடாது. அதற்கு ஒத்திகை வைக்க வேண்டும். இது சங்கு கண்டுபிடித்த தத்துவம்.

சங்கு என்பது பெயிண்ட் ஆலையில் அவருக்கு வழங்கிய பட்டப்பெயர். அங்கே அவர் பாதுகாப்பு அதிகாரி. மாதம் ஒருமுறை அபாயச் சங்கை ஊதி, எரியாத தீயிலிருந்து எல்லோரையும் தலைதெறிக்க ஓடவைப்பது உத்தியோகம். மேலிடம் புதிதாக எதையாவது கொண்டுவந்தால் அவர் மறுக்கவே மாட்டார். "பிரமாதம் சார், ஒரு ஒத்திகை பார்த்துடலாம்" என்பார். ஒத்திகையன்று வாசலில் ஒரு தள்ளுவண்டி குறுக்கே நிற்கும். யார் நிறுத்தினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. திட்டம் அதில் முட்டிக்கொண்டு உயிரை விடும். இந்தப் பெருமையை அவர் இருபது வருடமாகச் சாப்பாட்டு மேசையில் பரிமாறிவந்தார். மனைவி 'உம்' கொட்டிக் கேட்டுவந்தாள். 'உம்' கொட்டுகிறவர்கள் கவனிப்பதில்லை என்பது கணவர்களின் பழைய மூடநம்பிக்கை.

மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறவள். பணிமனையில் கேப்டன் என்பார்கள். தெருவையே அடைக்கும் வண்டியைப் பின்பக்கமாக எடுத்து, ஊசியில் நூல் கோப்பதுபோல் இரண்டு வண்டிகளுக்கு நடுவே செருகுவாள். கொஞ்ச காலமாக அதில்தான் சிக்கல். கழுத்து திரும்ப மறுத்தது. தோள் எரிந்தது. சீட் பெல்ட்டை மாட்டினால் மூச்சு முட்டியது. வெயில் நாட்களில் மார்புக்கு அடியில் வேர்க்குரு புண்ணாகியது. ஒரு மருத்துவர் தலையணையை மாற்றச் சொன்னார், இன்னொருவர் மெத்தையை, மூன்றாமவர் வேலையையே. கடைசியில் ஒரு பெண் டாக்டர்தான் கோளாறு படுக்கையில் இல்லை, சுமையில் இருக்கிறது என்றார்.

ஒரு நாள் சாப்பிட்டு முடித்ததும் கேப்டன் சொன்னாள்: "மார்பைக் குறைக்கிற ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன்."

சங்கு டம்ளரைக் கீழே வைத்தார். "எதுக்கும்மா? எனக்கு இப்படியே பிடிச்சுதானே இருக்கு?"

"பிடிச்சிருக்கிறது உங்களுக்கு. சுமக்கிறது நான்."

உண்மையில் அவருக்கு அழகைப் பற்றிய கவலையே கிடையாது. மயக்க மருந்தைப் பற்றிய கவலை. உலகத்தில் என்னென்ன தவறாகப் போகலாம் என்று படித்துப் படித்தே சம்பளம் வாங்குகிறவர் அவர். கண்ணை மூடுகிறவள் திறக்காமல் போனால்? ஆனால் பயம் என்ற சொல்லைப் பாதுகாப்பு அதிகாரி வாயால் சொன்னால் உத்தியோகத்துக்கு இழுக்கு. ஆகவே, அப்புறம் எப்படி இருக்கும் என்று மட்டும் விசாரித்தார்.

அவள் விவரித்தாள். சில வாரங்களுக்குக் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. கனம் எடுக்கக் கூடாது. சாய்ந்தபடி மல்லாந்துதான் தூங்க வேண்டும். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டைதான் போட வேண்டும்.

"அப்ப வீட்டை யார் பார்க்கிறது?" என்றார் சங்கு, வெற்றிச் சிரிப்பை விழுங்கிக்கொண்டு.

"அதானே," என்று கேப்டன் கன்னத்தில் கைவைத்தாள். "இந்த மாதிரி பெரிய விஷயத்துக்கெல்லாம் உங்க ஆலையில என்னங்க பண்ணுவாங்க?"

தட்டில் வைத்து நீட்டுகிறாள். வேண்டாம் என்பாரா? "ஒரு வாரம் ஒத்திகை பார்த்துடலாம்" என்றார் சங்கு. கையைத் தூக்காமல், எதையும் எடுக்காமல் இவளால் ஒரு பொழுதுகூட உட்கார முடியாது. சாயங்காலத்துக்குள் திட்டம் அடக்கம்.

துணைப்படையாக அக்காவையும் வரவழைத்தார். அக்காவுக்கும் அவருக்கும் ஒரே கரகரத்த குரல். போனில் பேசினால் பெற்ற தாய்க்கே குழப்பம் வரும். அக்கா வந்து நாலு வார்த்தை பயமுறுத்திவிட்டுப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. "வாங்க அண்ணி" என்று கேப்டன் அவரை அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே வெகுநேரம் கேப்டனின் குரல்தான் கேட்டது. நடுநடுவே அக்காவின் "சரிம்மா, சரிம்மா." வெளியே வந்த அக்கா தோளைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்:

"டேய், அந்த டாக்டர் நம்பர் உன்கிட்ட இருக்கா?"

"யாருக்குக்கா?"

"உனக்கில்ல."

படைகள் மாறுவது போரில் சகஜம். சங்கு கலங்கவில்லை. ஒத்திகைக்கு முந்தின நாள் கேப்டன் வேலைக்குப் போயிருந்தபோது, தன் தள்ளுவண்டியை நிறுத்தினார். அதாவது சர்க்கரை, டீத்தூள், உப்பு, தீப்பெட்டி, சோப்பு என்று கைக்கு அடிக்கடி வேண்டியதையெல்லாம் சமையலறையின் மேல் தட்டுக்கு ஏற்றினார். என்றுமில்லாமல் அன்று முக்காலி சமையலறை நடுவிலேயே நின்றிருந்தது. நல்ல சகுனம் என்று நினைத்தார்.

ஒத்திகைக்காக இருவரும் ஒரு வாரம் லீவு போட்டிருந்தார்கள். விடிந்ததும் கேப்டன் ஒரு பையோடு வந்து நின்றாள். தோளில் மாட்டுகிற பை. அதில் இரண்டு மாவுப் பொட்டலங்கள்.

"இதை முன்பக்கமா மாட்டிக்குங்க."

"எதுக்கு?"

"ஒத்திகைன்னா முழுசா இருக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க? நான் ஆபரேஷன் முடிஞ்சவ. நீங்க ஆபரேஷனுக்கு முந்தின நான்."

சொந்தக் கொள்கையை எதிர்த்து எப்படிப் பேசுவது? மாட்டிக்கொண்டார்.

"டீ போடேன்" என்றார், குரலில் தேன் ஒழுக.

"போடறேனே. சர்க்கரை எங்கே?"

"மேல் தட்டுல."

"அடடா. நான் கையைத் தூக்கக் கூடாதே," என்று கேப்டன் நாற்காலியில் சாய்ந்து செய்தித்தாளை மடியில் விரித்துக்கொண்டாள்.

சங்கு முக்காலியில் ஏறினார். சர்க்கரையை இறக்கினார். டீத்தூளுக்கு மறுபடி ஏறினார். தீப்பெட்டிக்கு மறுபடி. தான் வெட்டிய குழியில் தானே ஏறினார். குழியில் ஏறுவது வழக்குக்கு விரோதம்தான். ஆனால் இந்தக் குழி மேல் தட்டில் இருந்தது. இறங்கும்போது மாவுப் பை மறைத்துக்கொண்டதால் கால் காற்றைத் துழாவியது.

"கால் வைக்கிற இடமே தெரியலையே!"

"எனக்கும்தான்," என்றாள் கேப்டன் தாளிலிருந்து கண் எடுக்காமல். "தினம் பஸ் படியில."

சாயங்காலம் வந்தது. திட்டம் அடக்கமாகவில்லை. அவர்தான் அடங்கிப்போனார். குப்புறப் படுக்கவும் பை விடவில்லை. கேப்டனோ மகாராணியைப் போல உட்கார்ந்து, சோறு குழைந்ததையும் பால் பொங்கியதையும் உலகச் செய்திகளோடு சேர்த்து வாசித்துக்கொண்டிருந்தாள். பொறுக்க முடியாமல் எழுந்து வந்து கரண்டியைப் பிடுங்குவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் எழுந்ததே தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து தூங்கிப் பார்க்கத்தான். மூன்றாம் நாள் சங்குவின் இடுப்பு தனியாக ஒரு மனு கொடுத்தது. மேல் தட்டில் இருந்ததையெல்லாம் இறக்கி, இடுப்பு உயரத்தில், கையை நீட்டினால் எட்டும்படி வரிசையாக வைத்தார். தற்காலிகம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதற்குள் சோறு பதமாக வடிக்கவும் அவருக்குக் கைவந்திருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

வாரக் கடைசியில் தலைக்குக் குளிக்க வேண்டும் என்றாள். கையைத் தூக்காமல் எப்படி? நாற்காலியைக் குளியலறைத் தொட்டிக்கு முதுகு காட்டிப் போட்டு, அவள் தலையைச் சாய்த்துப் பிடித்து, சங்குவே தண்ணீர் வார்த்தார். சட்டை தோளிலிருந்து நழுவியிருந்தது. தோளில் இரண்டு பக்கமும் பள்ளம். உள்ளாடைப் பட்டை வருடக்கணக்காக அழுத்தி அழுத்தி வெட்டிய வாய்க்கால். ஓடிவந்த தண்ணீர் அதில் ஒரு கணம் தங்கிவிட்டு இறங்கியது. இருபது வருடமாக அவர் பார்த்த தோள்தான். பார்த்திருக்கிறார், படித்ததில்லை.

அவர் கை நின்றது. அவர் தோளிலும் மாவுப் பையின் பட்டை அழுத்திய இடம் ஒரு வாரமாக எரிந்துகொண்டிருந்தது. தன் பையை எப்போது வேண்டுமானாலும் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம் என்பது அப்போதுதான் உறைத்தது.

"என்னங்க, தண்ணி ஆறிடுச்சா?"

"பயமா இருக்கும்மா," என்றார்.

அவள் கண்ணைத் திறந்து, தலைகீழாகத் தெரிந்த அவர் முகத்தைப் பார்த்தாள். "எனக்கும் கொஞ்சம் இருக்கு. ஆனா வண்டியை ரிவர்ஸ் எடுக்கிறப்போ பின்னாடி திரும்பிப் பார்க்க முடியலைங்க. அந்தப் பயம் இதைவிடப் பெரிசு."

"மயக்கத்துல கண்ணை மூடித் திறக்கலேன்னா?"

"திறப்பேன். திறந்ததும் முதல் வார்த்தை உங்ககிட்டதான்."

சங்கு மிச்சத் தண்ணீரை வார்த்து, தலையைத் துவட்டிவிட்டார். ஒத்திகை முடிந்தது. அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு திட்டம் ஒத்திகையில் பிழைத்தது.

அடுத்த வாரம் டாக்டர், வீட்டில் ஏற்பாடெல்லாம் எப்படி என்று விசாரித்தார். சங்கு நிமிர்ந்து உட்கார்ந்தார். சாமான்கள் எந்த உயரத்தில் இருக்கின்றன, தலையணைகள் எந்தச் சாய்வில் அடுக்கப்பட்டிருக்கின்றன, தலைக்குக் குளிக்க நாற்காலியை எப்படிப் போட வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார். டாக்டர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்.

"இவ்வளவு தயாரா யாருமே வந்ததில்ல. யாரோட யோசனை?"

"என்னோடதுதான்," என்றார் சங்கு அடக்கமாக. கேப்டன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் அன்று அவர் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இருந்த தீயணைப்புக் கருவிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். சோதித்து முடித்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தார். "உட்காருடா, நீயே ஒரு விபத்து மாதிரி நடக்கிறே," என்று அதட்டிய அக்கா, தன் கணக்கில் டாக்டரிடம் ஏதோ கேட்க எழுந்து போனார். அந்த நேரம் பார்த்து நர்ஸ் கூப்பிட்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்ததாம். ஒருவர் மட்டும் உள்ளே வரலாமாம்.

கேப்டன் சாய்ந்து படுத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. தோள்கள் மட்டும் யாரோ இறக்கிவைத்ததுபோல் தளர்ந்திருந்தன. சங்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இமை அசைகிறதா என்று பார்த்தார். அசைந்தது. அவருக்கு மூச்சு வந்தது. சொன்ன சொல் மாறாதவள். முதல் வார்த்தை தனக்குத்தான்.

"எப்படி இருக்கும்மா?" என்றார். அழுகை அடைத்ததில் குரல் இன்னும் கரகரத்தது.

கேப்டன் பாதிக் கண்ணைத் திறந்தாள். பார்வை எங்கோ மிதந்தது. உதடு மெல்லப் பிரிந்தது.

"லேசா இருக்கு, அண்ணி. முக்காலியை எடுத்து நடுவுல வெச்சது நான்தான்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க. ஒத்திகை அவர் யோசனைன்னே இருந்துட்டுப் போகட்டும்."

சங்கு அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு தொண்டையைச் செருமி, அக்காவைப் போலவே சொன்னார்:

"சரிம்மா."