நான் கம்ப்யூட்டருக்குச் சொல்லாத விதி

கற்பிட்டிக் கரையில் கருவாடு காயப்போடும் வாடிகள் எட்டு என்னுடையவை. ஐஸ் அறை நான் கட்டியது. மூன்று படகு ஓடுகிறது. பள்ளிவாசல் ஒழுங்கைக்குக் கொங்கிரீட் போட்டவனும் நான்தான் (பாதி ஒழுங்கைக்கு, மற்றப் பாதிக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை). மன்னாரை விட்டு உடுக்க இரண்டு சாரத்தோடு வந்தவன், நாலாம் வகுப்போடு படிப்பை முடித்தவன், ஒருவருடைய யோசனையும் கேட்காமல் இத்தனையும் செய்தான். எங்கே போனாலும் இதை நானே முதலில் சொல்லிவிடுவேன். மற்றவர்கள் சொல்லும்வரை காத்திருந்தால் நேரம் போய்விடுகிறது.

அப்படிப்பட்டவன் மூன்று வாடி நெத்தலியை ஒரு பேராசிரியரின் கண் முன்னால் மழைக்குக் கொடுத்ததையும் நானே சொல்லிவிடுகிறேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. என் கடைசி மகள் சுமையா கொழும்பில் படித்துக்கொண்டிருந்தாள். இயந்திரம் எப்படி யோசிக்கும், யோசிப்பதென்றால் என்ன, இதுதான் படிப்பு.

"தெரிஞ்ச ஒருத்தர்ட அறிவ, 'இப்பிடி இருந்தா இப்பிடிச் செய்' எண்டு விதியா எழுதிக் கம்ப்யூட்டருக்குக் குடுக்கிற வாப்பா. அதுவும் அவரப்போல முடிவெடுக்குமா எண்டு பாக்கணும்."

"தெரிஞ்ச ஒருத்தர் ஆரு?"

"நீங்கதான்."

அன்று நான் இரண்டு அங்குலம் வளர்ந்தேன்.

இன்றைக்கு மீன் விரிக்கலாமா, கூடாதா? இந்த ஒரு கேள்விக்குத்தான் விதிகள். கொப்பியோடு என் எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள்.

"கச்சான் காத்து லேசா அடிச்சா?"

"விரிக்கலாம்."

"எப்பவுமே?"

"எப்பவுமே. வெள்ளிக்கிழமை இல்லாட்டி."

"வெள்ளிக்கிழமையில மழையா?"

"மழையில்ல. எல்லாரும் ஜும்ஆவுக்குப் போனா காகம் கலைக்கிற ஆரு?"

"அந்தோணி நிப்பார்தானே?"

"அந்தோணி நிண்டா விரிக்கலாம்."

"அவருக்குக் கோயில் திருநாள் வந்தா?"

ஒரு விதி நாலாகிவிட்டது. மனிதர்கள் ஒரு விதியைச் சொல்லி முடிப்பதேயில்லை, படிப்பிலேயே கஷ்டமான இடம் இதுதான் என்றாள். இன்னும் இரண்டு விசயம் சொன்னாள். அவள் விதி எழுதிக் கொடுக்கும் கம்ப்யூட்டர், தனக்குச் சொல்லப்படாததை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுமாம். புதுச் செய்தி வந்தால் எடுத்த முடிவைத் திரும்பப் பெறுமாம்; அதுவும் யோசனையில் சேர்த்தியாம்.

"அதனால ஒண்டையும் மறைக்காதீங்க வாப்பா."

"எனக்கென்ன மறைக்க இருக்கு?"

என் மனைவி ரகீமா மவுத்தாகி அப்போது ஒரு வருடம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்னிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. சுமையா கேட்டாள். நான்கு நாளில் முடிய வேண்டிய விதிகளை நான் இரண்டு மாதம் இழுத்தேன். நண்டுக்கும் ஒன்பது விதி சொன்னேன் (நான் நண்டு வியாபாரமே செய்ததில்லை). அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். எழுதும்போது தாயைப்போலவே கீழுதட்டைக் கடிப்பாள்.

அவளுடைய ஆராய்ச்சி தேறுமா தேறாதா என்று பார்க்கக் கொழும்பிலிருந்து பேராசிரியர் வாடிக்கே வந்தார். வெள்ளைச் சப்பாத்து. நான் கம்ப்யூட்டரைத் தட்டிக் காட்டி, "சேர், என்ட மூள முழுக்க இதுக்குள்ள இருக்கு" என்றேன்.

"மெல்லமாத் தட்டுங்க" என்றாள் சுமையா.

அன்றைய காற்று, வெயில், கிழமை எல்லாம் அதில் அடித்தாள். விரிக்கலாம் என்றது. என்னோடு இருபது வருடம் நின்ற அந்தோணி கூடையைத் தொடவில்லை.

"நீங்க என்ன சொல்றீங்க முதலாளி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாடிக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டின் பின்பக்கம் பார்த்தேன். இன்னொரு தடவையும் பார்த்தேன்.

"விரி."

பத்தரை மணிக்குக் கடலுக்கு மேல் கறுத்தது. சுமையா அதையும் அடித்தாள். "வாப்பா, வேணாமாம். அது முடிவ மாத்திட்டுது."

"அதுக்கு முதுகெலும்பில்ல. நான் சொன்னா சொன்னதுதான்."

அந்தோணி பேராசிரியரிடம் போய், "சேர், சப்பாத்தக் கழட்டி வைங்க. ஓட லேசா இருக்கும்" என்றான்.

மழை கொட்டியது. பேராசிரியர் வெறுங்காலோடு நெத்தலி அள்ளினார். கட்டளையிட ஓடிய நான் வழுக்கி விழுந்து, அள்ள வேண்டிய குவியலில் ஒருவனாகக் கிடந்தேன். சுமையா தூக்கிவிட்டாள். அவளும் நனைந்திருந்தாள்.

"விரி எண்டு சொல்ல முந்தி, ஏன் ரெண்டு தரம் பின்பக்கம் பாத்தீங்க?"

"ஒண்டுமில்ல."

"வாப்பா."

பேராசிரியரும் சட்டைப் பையில் நெத்தலியோடு காத்து நின்றார். நான் வாயைத் திறக்காவிட்டால் பிழை அவளுடைய கம்ப்யூட்டரில் விழும். அவளுடைய இரண்டு வருடப் படிப்பு.

"உம்மாட கொடி" என்றேன்.

ரகீமா விடிய சுபஹ் தொழுதுவிட்டு உடுப்புத் தோய்ப்பாள். பின்வளவுக் கொடியில் அதைக் காயப்போட்டால் நான் மீன் விரிப்பேன். போடாமல் உள்ளே கொண்டுபோனால் விரிக்கமாட்டேன். இருபது வருடத்துக்கு மேல் இதுதான் என் முழு அறிவு. வேலையாட்கள் முன்னால் விரலை நனைத்துக் காற்றைப் பார்ப்பேன், மண்ணைக் கிள்ளி முகர்வேன். பிறகு தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் போவேன்.

"அப்ப அந்த விரல் நனைச்சதெல்லாம்?" என்றான் அந்தோணி.

"விரல் நனைஞ்சுது. அவ்வளவுதான்."

சுமையா சிரிக்கவில்லை. "உம்மா எதப் பாத்துப் போட்டா?"

"கேக்கல்ல."

"இத்தன வருசமும்?"

"கேட்டா எனக்குத் தெரியாதெண்டு அவவுக்குத் தெரிஞ்சிடுமே. இப்ப கொடி எந்த நாளும் வெறுமையாத்தான் கெடக்கு மகள். அது மழைக்கா, அவ இல்லாததுக்கா எண்டு எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியல. ஒரு வருசமாக் குத்துமதிப்பாத்தான் விரிக்கிறன்."

பேராசிரியர் நனைந்த கொப்பியை விரித்தார். இதைத்தான் எழுத வேண்டும் என்றார் சுமையாவிடம். தெரிந்தவர் தன் அறிவு எங்கே இருக்கிறதென்று சொல்லாமல் விடுவது பற்றி அவள் ஒரு முழு அத்தியாயம் எழுதித் தேறினாள். பிறகு வெளிநாடு போய்விட்டாள். இங்கே நான் எதை அடித்துச் சொன்னாலும், "பின்பக்கம் போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்து சொல்லுங்க" என்கிறார்கள், பேரப்பிள்ளைகள் உட்பட.

அவளுடைய ஆராய்ச்சி புத்தகமாகத் தபாலில் வந்தது. முதல் பக்கத்தை வாசித்துக் காட்டினார்கள்: 'இந்த ஆய்வின் உண்மையான நிபுணர், என் உம்மா ரகீமா.' நான் உள்ளே எங்கேயோ 'தகவல் தந்த வியாபாரி ஒருவர்'.

மகளிடம் போனிலும் சொன்னேன், இங்கே எழுத்திலும் வைக்கிறேன். உடுப்புப் போட்டது ரகீமா; மறுக்கவில்லை. ஆனால் அவள் வாளியைத் தூக்கிவந்து முதல் துணியை உதறும்வரை ஒவ்வொரு காலையும் கிணற்றுக்கட்டருகே நின்று பார்த்த ஒருவன் இருந்தான். மீன் விரிக்காத காலத்திலும் நின்றான். அடுத்த பதிப்பில் அவனுடைய பெயரை அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் போட வேண்டும்.