கண்ணாடித் தம்ளரில் தெரிந்த சாவு

பயந்தாங்கொள்ளிகளில் இரண்டு வகை. பயந்தால் மூலையில் ஒடுங்கி உட்காருகிறவர்கள் ஒரு வகை. அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. பயந்தவுடன் ஊரைக் காப்பாற்றக் கிளம்புகிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது.

பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிவிட்டுப் போன புதிது. சாரம் என்கிற எங்கள் ஊரில், எங்கள் வீட்டில் தங்கை கமலாவுக்கு நிச்சயதார்த்தம். எங்கள் தெருவுக்குக் குழாய் வராத காலம், எல்லோருக்கும் பொதுக்கிணறுதான். விழுப்புரத்தில் வேலையிலிருந்த நான் அன்று காலைதான் வந்து இறங்கினேன். (இறங்கியதுமே அதிகாரம் பண்ண ஆரம்பித்துவிட்டேன், அண்ணன் அல்லவா.) பித்தளைச் செம்பில் தண்ணீர் மொண்டு அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். லேசாகக் கசந்தது. பஸ் தூசி என்று விட்டுவிட்டேன்.

சம்பந்தி வீட்டாருக்கென்று எதிர்வீட்டு சொல்தாவிடம் (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்) கண்ணாடித் தம்ளர்கள் இரவல் வாங்கியிருந்தார்கள். ஒன்றில் தண்ணீர் ஊற்றினேன். ரோஜா நிறம்.

அடுத்த நொடி எனக்கு நாக்கு மரத்தது, வயிறு முறுக்கியது, கண் இருண்டது. (செம்பில் குடித்தபோது இதெல்லாம் வரவில்லை, நிறத்தைப் பார்த்தபிறகுதான் வந்தன.) யாரோ கிணற்றில் விஷம் கலந்துவிட்டார்கள்! தம்ளரும் கையுமாகக் கொல்லைக்கு ஓடி, நிரப்பி வைத்திருந்த அண்டாக்களை ஒவ்வொன்றாகக் காலால் உதைத்துக் கவிழ்த்தேன்.

"யோவ், உலைக்கு என்னய்யா பண்றது?" என்று சமையல்காரர் கரண்டியோடு துரத்தினார். இன்னும் என்னவோ சொன்னார். சாகப்போகிறவனுக்கு நின்று கேட்க நேரம் ஏது? வாசலுக்கு ஓடினேன். ரெட்டியார்பாளையத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத் தட்டுகளோடு வண்டியை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வீட்டுத் தண்ணி விஷம். நானே குடிச்சிட்டேன்," என்று அறிவித்துவிட்டு, சாவதற்கு வசதியாகத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா அப்படியே நின்றுவிட்டார். "மருந்து போட்டாச்சுன்னு சொன்னதாலதான வந்தோம். இப்ப விஷம்ங்கறாரு. வண்டிய திருப்புங்க."

அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. பக்கத்துத் தெருவில் வாந்திபேதி. கிணற்றுக்கு மருந்து போட்டால்தான் உங்கள் வீட்டில் கை நனைப்போம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தவர் அந்த அம்மா. அப்பா மேரிக்கு (நகராட்சியை அப்படித்தான் சொல்வோம்) நடையாய் நடந்து, முதல் நாள் சாயங்காலம் ஆளை அழைத்துவந்து தூளைப் போட வைத்திருந்தார். அந்தத் தூளின் நிறத்தில்தான் நான் செத்துக்கொண்டிருந்தேன்.

பட்டுப்புடவையோடு வெளியே வந்த கமலா, என் கையிலிருந்த தம்ளரைப் பிடுங்கி, எல்லோர் முன்னாலும் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

"அத்தை, மருந்து போட்ட தண்ணிதான் இது. லேசா செவப்பா இருந்தா ஒண்ணும் பண்ணாதுன்னு மேரிக்காரர் சொல்லிட்டுதான் போனாரு. எங்கண்ணன் சின்னதுலேர்ந்தே இப்படித்தான், பயந்துபோய் அண்டாத் தண்ணியெல்லாம் கொட்டிட்டாரு."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொண்ணு தைரியசாலிதான். தட்டெல்லாம் உள்ள எடுத்துட்டுப் போங்க. ஆனா கொட்டுனவரே சேந்தி ஊத்தட்டும்."

புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேந்தினேன். நிச்சயதார்த்தம் முடிந்ததை ராட்டினச் சத்தத்துக்கு நடுவே காதால் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

இன்றும் கமலா வீட்டுக்குப் போனால் எனக்குத் தண்ணீர் கண்ணாடித் தம்ளரில்தான் வரும். அவளுடைய மூத்த மகன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்வான்: "நெறம் இல்ல மாமா, குடிங்க. அண்டாவ எதுக்கும் உள்ள எடுத்து வெச்சுட்டோம்."