போன் சொன்ன பச்சை

சுவர் பச்சை என்றது போன். சுவர் சந்தனம் என்றார் பெயிண்டர்.

"பொய் சொல்லாதே" என்று அவர் போனை அதட்டியபோது, பின்னால் நின்ற வீட்டம்மா திடுக்கிட்டாள்.

"யாரைச் சொல்றீங்க?"

"போனைத்தாம்மா."

"அது சரியாத்தான் சொல்லுது. நானும் ஒரு மாசமா அதையேதான் சொல்லிட்டிருக்கேன். இந்த வீட்ல யாராவது காது குடுத்தாங்களா?"

காது கொடுக்காதவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். அவர் வீட்டய்யா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கருத்துச் சொல்வதிலிருந்து இன்னும் ஓய்வு பெறாதவர்.

ஹாலின் நான்கு சுவர்களும் ஒரே டப்பாவிலிருந்து அடித்தவைதான். அதில் சோபாவுக்குப் பின்னால் இருக்கும் ஒன்று மட்டும் காலை நேரத்தில் பாசி படர்ந்ததுபோல் தெரிகிறது. எதிர்ப்பக்கம் கூரையை ஒட்டி ஓர் உயரமான ஜன்னல் உண்டு. அதன் வழியாக வெளிச்சம் வந்து விழுவது இந்தச் சுவரில்தான். அதனால் கறை இன்னும் பளிச்சென்று தெரிகிறது என்பது வீட்டம்மாவின் வாதம்.

நிறத்தை அளக்கும் அந்த ஆப்பை, பெயிண்டரின் மகள் அவர் போனில் போட்டுக் கொடுத்திருந்தாள். சுவரில் காட்டினால் நிறத்தின் பெயரும் நம்பரும் வரும். பெயர் வைத்தவன் யாரோ கல்யாணமாகாத பையனாக இருக்க வேண்டும். மற்ற மூன்று சுவர்களுக்கும் 'இளஞ்சந்தனம்' என்றது. இந்தச் சுவருக்கு 'விடியல் பாசி'.

பெயிண்டரின் பிழைப்பே இந்தச் சுவரில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமும் கயிற்றுப் பலகையில் தொங்கி, மாடி வீடுகளுக்கு வெளிச்சுவர் அடித்தவர். கீழே பார்த்தால் தெரு ஆடும், மேலே பார்த்தால் கயிறு ஆடும். இப்போது முட்டியும் சேர்ந்துகொண்டது. மேஸ்திரி அவர் பெண்டாட்டியின் அண்ணன். தங்கச்சியின் நச்சரிப்பு தாங்காமல்தான் இந்த வேலையைக் கொடுத்திருந்தார்.

"மாப்ளே, இந்த ஒரு சுவரைச் சரி பண்ணிக் காட்டு. இனிமே உனக்கு உள்வேலை மட்டும்தான். சொதப்பினே, மறுபடியும் கயிறு. அப்புறம் என் தங்கச்சி வந்து அழுதாலும் நான் கேட்க மாட்டேன்."

பெயிண்டர் சுவரைச் சுரண்டித் தேய்த்து, அதே சந்தனத்தைப் புதிதாக அடித்தார். மறுநாள் காலையில் போனைக் காட்டினார்.

'விடியல் பாசி.'

"புது பெயிண்ட்லயுமா பாசி பிடிக்கும்?" என்றாள் வீட்டம்மா.

வீட்டய்யா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தன் போனில் எதையோ படித்தார். "பக்கத்துல இருக்கிற சாமானோட நிறம் சுவர்ல அடிக்குமாம். போன் அதையும் சேர்த்து அளந்துடுமாம்."

பச்சை மெத்தை வாசலுக்குப் போனது. பூந்தொட்டிகள் போயின. காலண்டர் போயிற்று. கூரைக்குக் கீழே பச்சையாக இருந்த எதையும் வீட்டய்யா விட்டுவைக்கவில்லை. பெயிண்டர் மறுபடி அளந்தார். பாசி அசையவில்லை.

தயங்கித் தயங்கிச் சொன்னார். "சார், தப்பா நினைக்காதீங்க. உங்க சட்டையும் பச்சைதான்."

வீட்டய்யா சட்டையைக் கழற்றிவிட்டு, சொந்த ஹாலில் வெறும் உடம்போடு நின்றார். அந்த நேரம் பார்த்துப் பால்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"டாக்டரா?" என்று பெயிண்டரைக் காட்டிக் கேட்டார்.

"பெயிண்டர்" என்றாள் வீட்டம்மா.

பால்காரர் பாலை வாசலிலேயே வைத்துவிட்டு நடையைக் கட்டினார். போன் மட்டும் 'விடியல் பாசி' என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

பெயிண்டர் வாசலுக்கு வந்து மேஸ்திரியைக் கூப்பிட்டார். "மச்சான், பச்சை போக மாட்டேங்குது."

"அதுக்கு ஏன் அழறே? பச்சையை அடக்கச் சிவப்பு. சந்தனத்துல கொஞ்சம் சிவப்பு ஸ்டெயினர் சாயம் கலந்து அடி. பார்த்துக் கல, மாப்ளே. உன் கை தாராளம்."

பெயிண்டர் பார்த்துத்தான் கலந்தார். மறுநாள் காலை போன் 'இளஞ்சந்தனம்' என்றதும் அதற்கு ஒரு முத்தம் கொடுத்தார். பெண்டாட்டிக்குப் படம் எடுத்து அனுப்பினார்.

"அண்ணன் உள்வேலைன்னு வாயைத் திறந்து சொல்லிட்டாரா?" என்று உடனே கூப்பிட்டாள் அவள்.

"சொல்லிடுவார்."

"சொன்னப்புறம் படம் அனுப்புங்க."

அன்று மாலையே வீட்டம்மாவின் அழைப்பு வந்தது.

"பெயிண்டரே, சுவர் வெட்கப்படுது."

"என்னம்மா சொல்றீங்க?"

"வந்து பாருங்க. புது மாப்பிள்ளையைப் பார்த்த மாதிரி சிவந்து போய் நிக்குது."

ட்யூப் லைட்டு வெளிச்சத்தில் போனைக் காட்டினார். 'நாணும் ரோஜா' என்றது அது. காலையில் சரியாக இருக்கும் சுவர் மாலையில் கெட்டால், எதை நம்பிச் சுரண்டுவது?

"சுரண்ட வேண்டாம்" என்றார் வீட்டய்யா. "பகல்ல சரியா இருக்கிறது ராத்திரி கெடுதுன்னா, தப்பு சுவர் மேல இல்ல, லைட்டு மேல. பச்சை பல்பு ஒண்ணு போடு."

பல்பைப் போட்டார்கள். சுவர் சந்தனமாயிற்று. ஆனால் மற்ற மூன்று சுவர்களும் பச்சையாயின, வீட்டம்மாவின் முகம் உட்பட.

"இது என்ன, கிணத்துக்குள்ள குடும்பம் நடத்துற மாதிரி இருக்கு!"

பெயிண்டர் அட்டைப்பெட்டியை வெட்டி, பச்சை வெளிச்சம் அந்த ஒரு சுவரில் மட்டும் விழும்படி மறைப்புக் கட்டினார். நிறம் சரியாயிற்று. ஆனால் சோபாவில் உட்காருபவர்கள் இடுப்புக்கு மேல் பச்சையாகவும் கீழே சாதாரணமாகவும் தெரிந்தார்கள். சோபாவை நகர்த்தினார்கள். சோபா வந்ததால் டி.வி. சமையலறை வாசலுக்குப் போயிற்று. டி.வி. போனதால், சமையலறைக்குப் போக வீட்டம்மா பின்பக்கமாக வீட்டைச் சுற்றி வர வேண்டியிருந்தது. சுவர்ப் பக்கம் மாலையில் யாரும் போகக் கூடாது என்று வீட்டய்யா சட்டம் போட்டார்.

"ஒரு சுவரைச் சரி பண்ணச் சொன்னேன். என்னையே வெளியே தள்ளிட்டீங்க" என்றாள் வீட்டம்மா. என்றாலும் தூர நின்று பார்த்தாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள், பிறகு ஒப்புக்கொண்டாள். "சுவர் என்னவோ நல்லாத்தான் இருக்கு."

மறுநாள் காலை மேஸ்திரி நேரிலேயே வந்தார். ஜன்னல் வழியாக வெயில் வெளிச்சம் தாராளமாக இறங்கியிருந்தது. போனை வாங்கி, ஒவ்வொரு சுவராகத் தானே காட்டினார். இளஞ்சந்தனம். இளஞ்சந்தனம். இளஞ்சந்தனம். கடைசியில் அந்தச் சுவர். பெயிண்டர் மூச்சை உள்ளே இழுத்து அங்கேயே வைத்துக்கொண்டார்.

இளஞ்சந்தனம். நம்பர்கூட அதே நம்பர்.

"அட, மாப்ளே!" மேஸ்திரி அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "உன் கைக்குள்ள இவ்வளவு இருக்கா? இனிமே நீ உள்வேலைதான். கயிற்றை இறக்கி வை. வெளிச்சுவருக்கு வேற ஆளே கிடைக்கலைன்னாத்தான் உன்னைக் கூப்பிடுவேன்."

"ரொம்ப சந்தோஷம் மச்சான்." பெயிண்டர் பெண்டாட்டிக்குப் படம் அனுப்பப் போனை எடுத்தார்.

"நம்ம வீட்டுச் சுவர் மாதிரி இந்தத் தெருவுல இன்னொரு சுவரைக் காட்டுங்க பார்ப்போம்" என்றார் வீட்டய்யா, தன் பல்பை நினைத்து.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர், நல்ல சேதி கொண்டுவருகிறவரின் சிரிப்போடு உள்ளே வந்தார்.

"அம்மா, போன மாசம் எங்க மாடிச் சுவருக்குக் கிளிப்பச்சை அடிச்சதிலேருந்து, காலை வெயில் அதுல பட்டு ஜன்னல் வழியா உங்க ஹால் சுவர்ல பச்சையா விழுதேன்னு எனக்கு மனசே கேட்கல, அதை நாளைக்கே வெள்ளையா மாத்திடப் போறேன். மேஸ்திரி, கயிற்றுல தொங்கி அடிக்க நல்ல ஆளா ஒருத்தரை அனுப்புங்க!"