அரங்கநாதன் வாசலில் கிடந்த முடி

நம் ஊர்களில் ஓர் இனம் உண்டு. பால் திரிந்தாலும், பஸ் தவறினாலும், போர்க் கிணற்றில் தண்ணீர் இறங்கினாலும், புது வேட்டி ஆணியில் மாட்டிக் கிழிந்தாலும், அவர்கள் பாலையோ பஸ்ஸையோ ஆணியையோ பார்க்க மாட்டார்கள். நிமிர்ந்து தெருவைப் பார்ப்பார்கள். "இது யார் வேலை?" கேள்வி அவ்வளவுதான். தானாக நடக்கிற காரியம் என்று அவர்களுக்கு இந்த உலகத்தில் ஒன்றுமே கிடையாது. மழை பெய்யவில்லையா? யாரோ நிறுத்தி வைத்திருக்கிறான். நீங்கள் இவர்களைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் எங்கே போவீர்கள்?

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அரங்கநாதன் இந்த இனத்தில் முதல் வரிசை. மெஷினில் பேப்பர் சிக்கினால் எதிர்க்கடைக்காரன் கண். இங்க் தீர்ந்தால் பக்கத்துக் கடைக்காரன் பெருமூச்சு. மற்றபடி தங்கமான மனிதர். கடன் கேட்டால் கொடுப்பார், சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போவார், துரை என்ற தன் பூனைக்கு வாரம் இரண்டு நாள் நெத்திலி வாங்கி வருவார். சாம்பல் நிறத்தில் புசுபுசுவென்று இருக்கும் அந்தத் துரை, சாயங்காலமானால் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து தன்னைத் தானே நக்கிக்கொண்டே கிடக்கும்.

சித்திரை மாதம் ஒரு புதன்கிழமை, அவருடைய தங்கை இருசம்மாளும் அவள் கணவர் ஆதிமூலமும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்துக்கொண்டு வந்து அழைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ரிஷிவந்தியம் கோயிலில் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். இருசம்மாளுக்கு இருப்பதோ இந்த ஒரே அண்ணன். அவரும் பூரித்துப் போய்ச் சரியென்றார். வியாழக்கிழமை விடிந்து கதவைத் திறந்தால் வாசற்படியில் விரல் நீளத்துக்கு ஒரு முடிச் சுருள். ஈரமாக, திரி முறுக்கியதுபோல, சாம்பல் நிறத்தில்.

அரங்கநாதன் அதைத் தொடாமல் குனிந்து நின்றே கணக்குப் போட்டார். நேற்று வந்தது யார்? ஆதிமூலம். நரைத்த தலை யாருக்கு? ஆதிமூலத்துக்கு. போதாதா?

"வெச்சிட்டான், ஜெயா! செய்வினை வெச்சிட்டான்!"

மனைவி ஜெயம்மாள் துடைப்பத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள். "அந்த மனுசன் தலையில கீறதே நாலு முடி. அதையும் புடுங்கி உங்களுக்கு வெச்சிட்டாரா? ராத்திரி துரை ஓக்கரிச்சிக்கினு இருந்துச்சிங்க. அதுதான் கக்கியிருக்கும்."

"வாயில்லா ஜீவன் மேல பழி போடாத! பாவம் சும்மா வுடாது!"

பாருங்கள் அவருடைய தருமத்தை. வாயில்லாத பூனைமேல் பழி போடக்கூடாது. வாயுள்ள மச்சான்மேல் போடலாம்.

அன்றைக்கே தங்கைக்கு போன் போட்டார். "உன் புருஷன் வேலை எனக்குத் தெரிஞ்சிபோச்சி. நான் காதுகுத்துக்கு வரமாட்டேன், மடியும் குடுக்கமாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். இன்ன வேலை என்று சொல்லவில்லை. இந்த இனம் ஒருநாளும் சொல்லாது. சொல்லிவிட்டால் எதிராளி பதில் சொல்லிவிடுவானே! இருசம்மாள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். இவர் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவள் ஜெயம்மாளின் போனில் அழுதது கூடம்வரைக்கும் கேட்டது. இவர் ஒரு தரம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. மடியில் துரை தூங்கிக்கொண்டிருந்தது.

செய்வினையை எடுக்க வேண்டுமே? கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் மாதன் என்று ஒருவர், கைதேர்ந்தவர் என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள். சனிக்கிழமை காலை முடிச் சுருளைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூன்று எலுமிச்சம்பழத்தோடு பஸ் ஏறினார். மலை வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப அவருக்கு வயிற்றைப் புரட்டி, மூன்று தரம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தார். அந்தப் பழியும் ஆதிமூலத்தின் மேல்தான் விழுந்தது.

தாடியும் உடுக்கையுமாக ஒரு ஆளை எதிர்பார்த்துப் போனவருக்கு, சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த, சட்டைப் பையில் போன் வைத்திருந்த முப்பது வயசுக்காரன் கிடைத்தான். ஆட்டுக்கும் மாட்டுக்கும் பச்சிலை கொடுப்பவன். மலைக்குக் கீழேயிருந்து ஆட்கள் வந்து தன்னை மந்திரவாதியாக்குவது அவனுக்குப் பழகிப்போயிருந்தது. டப்பாவைத் திறந்தான். குச்சி ஒன்றை ஒடித்துச் சுருளைப் பிரித்தான். உள்ளே ஓர் அருகம்புல், ஒரு மீன்முள்.

"சார், வூட்ல பூன கீதா?"

"கீது. துரைன்னு பேரு. ஏன், அதுக்கும் வெச்சிட்டாங்களா?"

"அது வெச்சதுதான் சார் இது." மாதன் சிரிக்காமல் சொன்னான். "முடி கொட்டற காலம். நக்கிக்கினே கெடக்கும். முழுங்கற முடியெல்லாம் வவுத்துல திரண்டு இந்த மாதிரி வந்துடும். எங்க வூட்டுதும் கக்கும். எப்பவாச்சும் கக்கிட்டு ஓடியாடிக்கினு இருந்தா பயமில்ல. தினம் கக்கிக்கினு, சோறு துன்னாம சுருண்டு கெடந்தா மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கினு போங்க. சீப்பு வெச்சி வாரி வுடுங்க, கம்மியாவும்."

"வேற ஒண்ணுமே இல்லியா? நல்லா பாருப்பா."

"மீன்முள்ளு யாரு போட்டது?"

"நான்தான்."

"அப்போ உங்க வேலைதான் சார்."

இறங்கும்போதும் அதே வளைவுகள். இந்தத் தரம் பழியைப் போட ஆளில்லாமல் அரங்கநாதன் வெறுமனே வாந்தி எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ரிஷிவந்தியம். ஆசாரி ஊசியோடு காத்திருக்க, நேரம் போகிறது, வேறு யாராவது உட்காருங்கள் என்று பங்காளிகள் அவசரப்படுத்த, குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருசம்மாள், "எங்க அண்ணன் வரும்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். வந்தார். நேராக ஆதிமூலத்தின் முன்னால் போய் நின்றார். எத்தனையோ யோசித்து வைத்திருந்தார், வாயில் வந்தது இதுதான்.

"பூன கக்கிடுச்சி, மாப்ள."

ஆதிமூலத்துக்கு ஒன்றும் புரியவில்லை. முழுக்கதையையும் ஜெயம்மாள்தான் சொன்னாள். ஆதிமூலம் தன் தலையை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டார். கூட்டம் சிரித்தது. இருசம்மாள் சிரிக்கவில்லை.

"மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல. முடிய எடுத்துக்கினு மலைக்குப் போனியே அண்ணே, அடுத்த தெருவுல கீற என் வூட்டுக்கு வந்து இன்னான்னு ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

அரங்கநாதனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கையை நீட்டிக் குழந்தையை வாங்கினார். சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குழந்தை வீல் என்று கத்தியது. மாமனும் சேர்ந்து அழுதார்.

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? நல்ல ஆள் நீங்கள்! திங்கட்கிழமை சீப்பு வாங்கித் துரையை வாரினார். கை நிறைய முடி வந்தது. அதைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ முடி சும்மா கொட்டுமா? யாரோ கண்ணு வெச்சிட்டாங்க" என்றார். இப்போது சந்தேகம் எதிர்வீட்டுப் பச்சையம்மாள்மேல் போயிருக்கிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்துவிட்டு உங்கள் போனை எடுத்து, கூடப் பிறந்தவர்களில் யாரை நீங்கள் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது என்று ஒரு தரம் பாருங்கள். அன்றைக்கு உங்கள் வாசற்படியில் கிடந்தது என்ன? அதைக் குச்சி வைத்துப் பிரித்துப் பார்த்தீர்களா?

"எங்கள் வீட்டில் பூனையே கிடையாது" என்று மட்டும் சொல்லித் தப்பித்துவிடாதீர்கள்.