கதவைச் சாத்திவிட்டுக் கேட்பார்

"புது எஸ்.பி. ஃபைலத் தொடவே மாட்டாராம்யா. துப்பாக்கிய எண்ண மாட்டாராம். இன்ஸ்பெக்டர வெளிய நிறுத்திட்டு, இந்த ஸ்டேஷன்ல ஆகக் கீழ இருக்க ஆளு யாருன்னு கேட்டு, அந்த ஆள உள்ள கூப்பிட்டுக் கதவச் சாத்திருதாராம்."

ஏட்டு சுடலைராஜ் சொல்லி முடிப்பதற்குள் இன்ஸ்பெக்டர் மந்திரமூர்த்தியின் டீயில் பாதி சட்டையில் இருந்தது.

"சாத்திட்டு என்னலே கேக்காரு?"

"உள்ள போனவன் எவனும் வாயத் தொறக்க மாட்டேங்கான். வேற என்னத்தக் கேட்டிருப்பாரு? ஒங்க இன்ஸ்பெக்டர் ஆளு எப்படின்னுதான். பக்கத்து ஸ்டேஷன்ல ஒரு போலீஸ்காரன் உள்ள போயிட்டு வெளிய வந்தான். மறுநாளே அவங்க இன்ஸ்பெக்டர ஆயுதப்படைக்குத் தூக்கிட்டாங்க. இப்ப வேப்பமரத்தடில சேரப் போட்டு ஒக்காந்திருக்காரு மனுசன். சல்யூட் அடிக்க ஒரு நாதி இல்ல."

"இங்கன எப்ப வாராரு?"

"இன்னைக்கு மத்தியானம்."

மாவட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த எஸ்.பி.யை மந்திரமூர்த்தி இன்னும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பார்க்காமலே எழுந்து நின்றுவிட்டார்.

மேலகரத்தில் அவருடைய அப்பா நெல்மூட்டை சுமந்து முதுகு தேய்ந்தவர். அதே தெருவில் மகன் ஜீப்பில் போய் இறங்கும்போது பழைய அரிசி மண்டி முதலாளியே எழுந்து நிற்பார். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் மந்திரமூர்த்தி உயிரோடு இருந்தார். நாற்காலி போனால் ஜீப் போகும். ஜீப் போனால் அந்தத் தெருவில் நடந்து போக வேண்டும்.

மேற்பார்வை என்றால் அவருக்குத் தெரிந்தது மேலே நின்று கத்துவது. அப்பாவை வேலை வாங்கிய மேஸ்திரி அப்படித்தான் கத்தினான். சீசன் தொடங்கியதிலிருந்து சாரலில் ஊறிய உடுப்போடு அருவிக்கரையில் நின்ற எவனுக்கும் அவர் லீவு தந்ததில்லை. கேட்டவனுக்கு லீவுக்குப் பதிலாக மெமோதான் கிடைத்தது.

"பயிற்சில சொல்லித் தந்தாங்கல்லாய்யா, மேற்பார்வை அதிகாரின்னா தன் ஆளுகளோட பேரு, குடும்பம், கஷ்டநஷ்டம் எல்லாம் தெரிஞ்சிருக்கணும்னு?" என்றான் சுடலைராஜ். "இன்னும் நேரம் கெடக்கு. எல்லார்கிட்டயும் கொஞ்சம் சிரிச்சுப் பேசுங்க."

"சிரிக்கணுமா?"

"லேசா போதும்யா."

வாசலில் துப்பாக்கியோடு பாரா நின்றவன் முத்துச்செல்வம். ராயகிரியில் மகனுக்குக் காதுகுத்து என்று லீவு கேட்டிருந்தான். 'மாமன் மடியிலதானலே புள்ளைய ஒக்கார வைப்பாங்க. அப்பன் எதுக்கு?' என்று கேட்டு விரட்டியிருந்தார் மந்திரமூர்த்தி. இப்போது அவனிடம் போய் நின்றார்.

"சாப்பிட்டியாப்பா முத்துச்செல்வம்?"

அவன் ஓரடி பின்னால் போனான். ஏலே என்கிற சொல் இல்லாமல் அவர் வாயிலிருந்து அவன் பெயர் வந்ததே இல்லை.

"ஐயா, தெரியாமப் பண்ணிட்டேன்யா!"

"என்னத்த?"

"ஐந்தருவி டூட்டி அன்னைக்கு எண்ணெயத் தேச்சுட்டு மல்லாந்து கெடந்தது நாந்தான்யா. உடுப்பக் கொரங்கு தூக்கிட்டுப் போனதும் நெசந்தான். எவன்யா ஒங்ககிட்ட சொன்னது?"

வேறொரு நாளாக இருந்தால் அவன் தோலை உரித்துத் தொங்கவிட்டிருப்பார். எஸ்.பி.யின் சாத்திய கதவு ஞாபகம் வந்தது. பல்லைக் காட்டினார். கோபத்தை விழுங்கிய முகத்தில் அந்தச் சிரிப்பு, கடிக்கப் போகிற நாயின் உதடு மாதிரி ஏறி நின்றது.

"அது கெடக்கட்டும். மகன் காதுகுத்துக்குப் போயிட்டு வா. இப்பமே கெளம்பு."

"இப்பமேவா? ஐயா... சஸ்பெண்டா?"

"லீவுலே! லீவுப்பா."

"பெல்ட்டக் கழட்டி ஒப்படைக்கணுமாய்யா?"

"போலே... போ ராசா, போ."

முத்துச்செல்வம் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடினான். ஓடின வேகத்திலேயே ஸ்டேஷன் ஆட்கள் எல்லாருக்கும் போனில் சேதி போட்டான்: பெரியவர் சிரிச்சுக்கிட்டே ஆள முடிக்காரு, ஜாக்கிரதை.

மந்திரமூர்த்திக்கு இது தெரியாது. ஒருவனை வழிக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்ற தைரியத்தில், கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் போலீஸ் ஜெயசித்ராவிடம் போனார். அவள் புருஷன் ராணுவத்தில், எல்லையில் இருக்கிறான் என்று சுடலைராஜ் காதில் ஓதியிருந்தான். மந்திரமூர்த்தி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"ஜெயசித்ரா, ஒக்காரும்மா. மாப்பிள்ளைகிட்ட கடைசியா எப்பம்மா பேசுன?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த தொப்பியைப் பார்த்தாள்.

"ஐயோ! அவருக்கு என்னாச்சுய்யா?"

"ஒண்ணும் ஆகல. சும்மாதான் கேட்டேன்."

"மறைக்காதீங்கய்யா! நீங்க எதுக்கு என்கிட்ட இப்படிப் பேசுதீங்க?"

நாற்காலியோடு சரிந்தாள். தண்ணீர் தெளித்தார்கள். முழித்துப் பார்த்து, எதிரே மந்திரமூர்த்தி சிரித்துக்கொண்டு நிற்பதைக் கண்டு மறுபடி மயங்கினாள். புருஷனுக்குப் போன் போட்டால் டவர் இல்லை. கடைசியில் டிரைவரும் இரண்டு பெண் போலீஸ்களும் அவளை ஜீப்பில் தூக்கிப்போட்டுக்கொண்டு தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

"பேச்சு நமக்கு ஒத்து வரலடே" என்றார் மந்திரமூர்த்தி. "சாப்பாடு போட்டுருவோம்."

புளியறைப் பக்கத்துக் கடையிலிருந்து புரோட்டாவும் நாட்டுக்கோழியும் வந்தன. ஒரு டீ வாங்கித் தராத மனுஷன் தன் கையாலேயே இலை போட்டார். மிச்சமிருந்த போலீஸ்காரர்கள் இலைக்கு முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்தார்கள். ஒரு கையும் புரோட்டாவைத் தொடவில்லை.

"ஐயா சாப்பிடலியா?" என்றான் மணிமுத்து மெதுவாக.

"எனக்கு எறங்காதுப்பா. நீங்க திருப்தியா சாப்பிடுங்க. இனிமே இப்படி எல்லாரும் ஒண்ணா ஒக்கார முடியுதோ என்னமோ."

தன் நாற்காலியை நினைத்துத்தான் சொன்னார். கண்கூடக் கலங்கியது. இலைக்கு முன்னால் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ஐயா, எங்கம்மாவுக்கு மூச்சுத் திணறுதாம்" என்று எழுந்தான் மணிமுத்து. அவன் அம்மா செத்து வருஷக்கணக்காகிறது. இன்னொருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனான், திரும்பவில்லை. மூன்றாவது ஆள் காரணம் சொல்லவே நிற்கவில்லை. பின்சுவர் ஏறிக் குதித்த சத்தம் மட்டும் கேட்டது.

"லே சுடலை! மைக்க எடுத்து அருவிக்கரை ஆளுகள வரச் சொல்லு."

சுடலைராஜ் கூப்பிட்டான். மெயினருவியில் பாதுகாப்பு ஆர்ச்சைத் தொட்டுத் தண்ணீர் விழுகிறது, குளிக்கத் தடை போட்டாச்சு, கூட்டம் நெரிக்கிறது, ஓர் ஆளைக்கூட விட முடியாது என்று பதில் வந்தது.

"நானே நேர்ல போயி நாலு பேரக் கூட்டிட்டு வாறேன்யா" என்றான் சுடலைராஜ்.

"என்னத் தனியா விட்டுட்டுப் போகாதடே."

"இந்தா வந்துட்டேன். அதுவரைக்கும் யாரையும் பாத்துச் சிரிச்சிராதீங்க."

பைக் வளைவு திரும்பியதும் அவன் போன் அணைந்துவிட்டது.

ஸ்டேஷனில் ஒரு குருவிகூட இல்லை. துப்பாக்கி சுவரில் அனாதையாகச் சாய்ந்திருந்தது. எவனாவது தூக்கிக்கொண்டு போனால் அதற்கும் மேற்பார்வை அதிகாரிதான் பதில் சொல்ல வேண்டும். மந்திரமூர்த்தி அதை எடுத்துத் தோளில் சார்த்திக்கொண்டு வாசலில் போய் நின்றார். எஸ்.பி.யின் கார் அப்போதுதான் உள்ளே நுழைந்தது.

ஒல்லியான மனிதர். இறங்கியதும் நின்று பார்த்தார்.

"பாரா யாரு?"

"நான்தான் ஐயா."

"இன்ஸ்பெக்டர்?"

"அதுவும் நான்தான் ஐயா."

"உங்க ஆளுங்க எங்கே?"

"லீவுல இருக்காங்க ஐயா."

"எல்லாருமா?"

"கொஞ்சப் பேரு ஆஸ்பத்திரில ஐயா."

எஸ்.பி. முகம் வெளுத்தது. அது கோபம்தான் என்று மந்திரமூர்த்தி முடிவு செய்தார். துப்பாக்கியைத் தோள் மாற்றி நிமிர்ந்து நின்றார்.

"வேற ஒருத்தர்கூட இல்லையா?"

அப்போது உள்ளேயிருந்து விளக்குமாற்றுச் சத்தம் கேட்டது. ஸ்டேஷனைக் கூட்டிப் பெருக்கும் பாலம்மாள், யாரும் தொடாத புரோட்டா இலைகளை அள்ளிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து எல்லாருக்கும் ஐஸ் வைத்த மந்திரமூர்த்திக்கு, அப்படி ஒரு மனுஷி அங்கே வேலை பார்ப்பதே நினைப்பில் இல்லை.

"அவங்களை வரச் சொல்லுங்க" என்றார் எஸ்.பி. "நீங்க வெளியே நில்லுங்க."

கதவு சாத்திக்கொண்டது.

போன வாரம் அவள் துடைத்துக்கொண்டிருந்த ஈரத்தில் வழுக்கி விழுந்து, வாளியை எட்டி உதைத்து, அவள் பரம்பரையையே திட்டியிருந்தார். ஒவ்வொரு வார்த்தையும் இப்போது வரிசையாக வந்து நின்றது. பாலம்மாள் பேசினால் தெருமுனைக்குக் கேட்கும். இன்றைக்குப் பார்த்து உள்ளேயிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. மந்திரமூர்த்தி கதவில் காதை வைத்தார். அரிசி மண்டி முதலாளி எழுந்திருக்காமல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

கதவு திறந்தது. எஸ்.பி. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி வெளியே வந்தார். சல்யூட்டைப் பார்க்கவில்லை. நேரே காரில் ஏறினார். கார் போய்விட்டது.

பாலம்மாள் விளக்குமாற்றை மூலையில் வைத்தாள். எஸ்.பி. உட்கார்ந்திருந்த நாற்காலியில் ஆற அமர உட்கார்ந்தாள்.

"பாலம்மாக்கா" என்றார் மந்திரமூர்த்தி. "என்னப் பத்தி என்னக்கா சொன்ன?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒங்களப் பத்தி அவரு ஒத்த வார்த்த கேக்கலய்யா, அடுத்த வாரம் மெட்ராஸ்லேர்ந்து இவருக்கும் மேல ஒருத்தரு வந்து, எங்கள மாதிரி ஆளுகளக் கூப்பிட்டுக் கதவச் சாத்திட்டு 'ஒங்க எஸ்.பி. எப்படி'ன்னு கேப்பாராம், நல்லபடியா சொல்லு தாயி, இந்த ஸ்டேஷன்ல யார மாத்தணும்னாலும் மாத்தித் தாறேன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு, நாந்தான் சாயங்காலம் வரைக்கும் யோசிச்சுச் சொல்லுதேன்னுட்டேன்."