நின்றுகொண்டு பேசக் கூடாது

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரையே அதட்டி உட்கார வைத்த ஆள் யார் என்று கேட்டால், முக்காலி சிஸ்டர் ஒருத்தியைத்தான் சொல்வேன். கலெக்டரே வந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டாள்.

அவள் பெயர் எனக்குத் தெரியாது. வார்டு முழுக்க அப்படித்தான் கூப்பிட்டார்கள். குட்டையான ஆள். இடுப்பில் குடம் வைத்த மாதிரி ஓர் இரும்பு முக்காலி எப்போதும் இருக்கும். நர்சிங் படிக்க வந்த பிள்ளைகளும் ஆளுக்கொன்று தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவார்கள். பார்த்தால் கல்யாண வீட்டில் பந்தி போடப் போகிற கூட்டம் என்றே தோன்றும்.

சட்டம் ஒன்றுதான். படுத்திருக்கிறவரிடம் யாரும் நின்றுகொண்டு பேசக் கூடாது.

"ஏட்டி, பனைமரம் மாதிரி நின்னா அவுகளுக்கு உன் மூக்கு ஓட்டைதான் தெரியும். உக்காரு. மொதல்ல பேரக் கேளு. ஊசி பொறவு."

ஒரு நாள் பெரிய டாக்டர் வந்து, கட்டில் காலடியில் நின்றபடி, "பதினேழு எப்படி இருக்கு?" என்றார்.

"கட்டிலுக்கு என்ன சார், போன மாசம்தான் பெயிண்டு அடிச்சோம். அதுல கெடக்க அண்ணாச்சிக்குத்தான் வலி தாங்கல" என்று முக்காலியை நகர்த்தினாள்.

டாக்டர் கனத்த மனுஷன். முக்காலிக்கு ஒரு கால் குட்டை. ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே கடைசிவரை பேசிவிட்டுப் போனார். வார்டே வாயைப் பொத்திக்கொண்டது.

பதினேழில் கிடந்தது என் வீட்டுக்காரர். முப்பது வருஷம் வள்ளியூர் பஸ் ஓட்டினவர். ஈரலில் கட்டி. இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். நான் இவரிடம் மூச்சு விடவில்லை. "வெறும் மஞ்சக்காமாலை, எறங்கிரும்" என்று சொல்லி வைத்தேன். தெரிந்தால் அன்றைக்கே உயிர் போய்விடும் என்று பயம். அவரோ மூன்று நாளாகக் கஞ்சியைத் தொடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார்.

நாலாம் நாள் காலையில் படிக்கிற பிள்ளை ஒருத்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "தாத்தா, ஏன் சாப்பிட மாட்டேங்கீய?" என்று கேட்டாள்.

அவர் திரும்பினார். "ரோட்ட மறைச்சுக்கிட்டு வண்டிய ஓட்டுன்னா எப்பிடிம்மா ஓட்டுவேன்? எல்லாரும் வெளிய போய் வெளிய போய்ப் பேசுதாவ. நான் பொழைப்பேனா, மாட்டேனா?"

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்று நான் தலையை ஆட்டினேன்.

"ஏட்டி, மைனிய எதுக்குப் பாக்குத? கேட்டது அண்ணாச்சி" என்றாள் சிஸ்டர். பிள்ளை முக்காலியை விட்டு எழுந்தாள். சிஸ்டரே வந்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இது கொணமாகாது அண்ணாச்சி. வலியக் கொறைக்கலாம். நாங்க கூட இருப்போம். உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

"எம் புருசனக் கொன்னுட்டியே பாவி! நீ நல்லா இருப்பியாட்டி?" என்று வார்டு அதிரக் கத்தினேன்.

"கத்தாத" என்றார் அவர். "எனக்கு முந்தியே சந்தேகந்தான். நீ தாங்க மாட்டியேன்னுல்லா வாயத் தொறக்காமக் கெடந்தேன்."

பிறகு கஞ்சி கேட்டார். வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். கூட்டிப்போகக் கையெழுத்துக் கேட்டார்கள். எனக்கு எழுதத் தெரிந்தது என் பெயர் ஒன்றுதான். அன்றைக்கு அதுவும் கோணிப் போயிற்று.

வீட்டில் பதினோரு நாள் இருந்தார். மகளிடம் பேச வேண்டியதைப் பேசினார். என்னிடமும் பேசினார். அதை இங்கே சொல்ல மாட்டேன். சிஸ்டர் வேலை முடிந்து, வண்ணார்பேட்டையில் பஸ் மாறி வந்து, வலிக்கு மருந்து கொடுத்துவிட்டுப் போவாள். நான் அவளோடு பேசவில்லை. ஒரு வாய் காப்பிகூடக் கொடுக்கவில்லை. எனக்கு ரோஷம் அதிகம்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அவர் போய்ச் சேர்ந்தார். கேள்விப்பட்டு சிஸ்டரும் வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் என் முதுகுக்குப் பின்னால் வந்து, எத்தனையோ நாளாகச் சீப்புப் படாத என் தலையை விரலாலேயே சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.

என் ஆத்தா போன பிறகு அப்படி ஒரு கை என் தலையில் பட்டதில்லை. நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் கையை எடுத்துவிடுவாளோ என்று இருந்தது.