ஊசி படாத உடம்பு

அந்த வருஷம் பங்குனியில் அம்மை வந்தது. அம்மைக்கு ஒரு வாரம் முன்னதாகவே முத்திறக்கி சுவாமிகள் வந்து சேர்ந்துவிட்டார்.

ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடம் தாண்டினால் மேலத்தோப்பு. அதுவரை அந்த ஊரில் விளைந்தது வாழை ஒன்றுதான். 1963இல் பக்தியும் விளைந்தது, அதுவும் முப்போகம். முசிறி பஸ்ஸில் ஆட்கள் கூரைமேல் ஏறி உட்கார்ந்து வந்தார்கள். தென்னூரிலிருந்து குதிரை வண்டிகள் வரிசைகட்டின. ஸ்ரீரங்கத்து ஸயன்ஸ் வாத்தியார் ஸ்ரீரங்கராஜன், காலையில் வகுப்பில் அம்மைக் கிருமியைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டு, சாயங்காலம் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்.

"ஸயன்ஸ் ஸயன்ஸ்தான். ஆனா ஒரு க்ஷேமத்துக்கு இதையும் பண்ணி வெச்சுடலாம், தோஷமில்லே" என்றார். பெரிய படிப்பு படித்தவர், பாவம். மூளையைப் பள்ளிக்கூடத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

சுவாமிகளின் வைத்தியம் சுலபம். சிவப்புக் கயிற்றில் வேப்பம் வேர் ஒன்றை முடிந்து குழந்தையின் மணிக்கட்டில் கட்டுவார். அதற்குப் பெயர் அம்மன் காப்பு. காணிக்கையாகக் காசு கேட்கமாட்டார். சே, சே! அம்மன் சூட்டில் இருக்கிறாள், அவளைக் குளிர்விக்க ஒரு வாழைத்தார், அவ்வளவுதான். தார்கள் முன்வாசல் வழியாக அம்மன் முன்னால் போகும். அம்மன் குளிர்ந்ததும் பின்வாசல் வழியாக லாரியேறி காந்தி மார்க்கெட்டுக்குப் போகும். அம்மனுக்குத் தினமும் இரண்டு லாரிச் சூடு.

ஆனால் ஜனங்கள் மயங்கியது கயிற்றில் இல்லை. சுவாமிகள் அம்மை கண்ட வீட்டுக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நுழைவார். முத்துப் போட்ட உடம்பைத் தடவிக் கொடுப்பார். நோயாளி குடித்த டம்ளரிலேயே தண்ணீர் குடிப்பார். அவருக்கு ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. வெளியே வந்து, துண்டை உதறி எறிந்து, இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்திக் காட்டுவார்.

"பாருங்கள் பக்தர்களே! ஊசி படாத உடம்பு! கத்தி தீண்டாத கட்டை! இது அன்னை குடியிருக்கும் ஆலயம்! ஊசி குத்திய உடம்பில் அன்னை எப்படிக் குடியிருப்பாள்?"

கைகள் இரண்டும் வழவழவென்று இருக்கும். அம்மை குத்தின தழும்பு என்று மருந்துக்குக்கூட ஒன்று கிடையாது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

இதையெல்லாம் வாய்க்கால் மதகின்மேல் உட்கார்ந்து வயிறெரியப் பார்த்துக்கொண்டிருந்தவர் அற்புதசாமி. சர்க்காரில் அம்மை குத்தும் உத்தியோகம், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அவரும்தான் தினமும் அம்மை கண்ட வீட்டுக்குள் நுழைந்தார். அவருக்கும்தான் ஒன்றும் வரவில்லை. அவர் காலில் யார் விழுந்தார்கள்? வீரமலை என்ற தோட்டக்காரன் நாயை அவிழ்த்துவிட்டான், அவ்வளவுதான். அந்த மாதம் மேலத்தோப்பில் அற்புதசாமியிடம் அம்மை குத்திக்கொண்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவருக்குத் துணையாகத் தடியோடு வந்த தலையாரி. இன்னொருவர் தலையாரியைப் பார்த்து ஓட முடியாத நொண்டிக் கிழவர்.

இந்த நிலையில்தான் ஜில்லா சுகாதார ஆபீஸிலிருந்து மட்டுவார்குழலி வந்தாள். இருபத்தாறு வயது, பருத்திப் புடவை, தோளில் ஜோல்னாப் பை. பதவியின் பெயர் ஹெல்த் எஜுகேட்டர். ஜனங்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பற்றிப் படித்தவளாம்.

"அதுக்கு ஒரு படிப்பாம்மா?" என்றார் அற்புதசாமி. "அடிச்சா நடப்பாங்க. அடிக்கலேன்னா நடக்கமாட்டாங்க. முடிஞ்சுது பாடம்."

"அடிச்சு எத்தனை பேர் நடந்தாங்க சார்?"

"ரெண்டு பேர்."

அவள் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது. மறுநாள் அவள் நேராகப் போய் சுவாமிகளின் வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். ஒன்பது நாள் உட்கார்ந்தாள். பொம்பளைகளோடு வெற்றிலை போட்டாள், பிள்ளைகளுக்குப் பேன் பார்த்தாள், யாரோடும் வாதாடவில்லை. சர்க்கார் சம்பளத்தில் சாமியார் மடத்தில் பேன் பார்க்கும் படிப்பைப் பற்றி அற்புதசாமி மேலிடத்துக்கு ஒரு மனு எழுதலாமா என்றுகூட யோசித்தார்.

பத்தாம் நாள் அவள் மதகுக்கு வந்தாள்.

"சார், நீங்க எத்தனை மணிக்கு ஊருக்குள்ள போறீங்க?"

"ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு, பஸ்ஸைப் பிடிச்சு, பதினோரு மணிக்குப் போவேன்."

"பதினோரு மணிக்கு ஊர்ல யாரு இருப்பா?"

அற்புதசாமி யோசித்தார். "நாய் இருக்கும்."

"போனதும் என்ன சொல்வீங்க?"

"குத்திக்கலேன்னா செத்துப்போவீங்க, அபராதம் போடுவேன்னு சொல்வேன்."

"செத்தவங்ககிட்ட எப்படி சார் அபராதம் வாங்குவீங்க?"

அற்புதசாமிக்குக் கோபம் வந்தது. அபராதப் புத்தகத்தைப் பைக்குள் திணித்தார்.

"அந்த ஆளு விடியக்காலையில, சனங்க வேலைக்குப் போறதுக்கு முன்னாடி உட்காருறாரு" என்றாள் மட்டுவார்குழலி. "பிள்ளையோட பேரைக் கேட்கிறாரு. 'முத்து உன் வீட்டுப் படியில வந்து நிக்குது'ன்னு பயம் காட்டுறாரு. அந்த நிமிஷமே 'இந்தா காப்பு'ன்னு ஒரு வழியும் காட்டுறாரு. நீங்க பயத்தை மட்டும் காட்டிட்டு பஸ் ஏறிடுறீங்க. அப்புறம் அந்தச் சிவப்புக் கயிறு. ஒரு பிள்ளை கையில பார்த்தா, பக்கத்து வீட்டுக்காரி 'ஐயோ, நம்ம பிள்ளை கை மொட்டையா இருக்கே'ன்னு பதறி ஓடியாறா. இதையெல்லாம் நான் ரெண்டு வருஷம் உட்கார்ந்து படிச்சேன் சார். அவர் படிக்காமலே பாஸ் பண்ணிட்டாரு."

"அப்படின்னா உங்க வேலையை அந்த ஆளுக்கே குடுத்துடலாமே!"

"குடுக்கலாம். ஒரே ஒரு குறைதான். அவர் கட்டுறது வெறும் கயிறு."

இதைச் சொல்லும்போதுதான் அவள் முகம் மாறியது. வரிசையில் அவள் சந்தித்த காளியாயியைப் பற்றிச் சொன்னாள். வாழைத்தார் சுமக்கும் கூலிக்காரி. மூத்தவள் மயிலம்மாளுக்கு ஆறு வயது. முதல் வாரத்திலேயே காப்புக் கட்டிய பிள்ளை. காப்புக் கட்டிய கையோடே அம்மை போட்டுச் செத்துப்போனது. சுவாமிகளிடம் போய் அழுதபோது அவர் கண்ணை மூடி, "தாயின் மனதில் சந்தேகம் இருந்தது. அன்னை அறிவாள்" என்று சொல்லிவிட்டார். காளியாயி இப்போது இளையவனுக்குக் காப்புக் கட்ட வரிசையில் நிற்கிறாள். சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று நாள் முழுக்க 'தாயே, தாயே' என்று முணுமுணுத்துக்கொண்டே நிற்கிறாள்.

"நான் சந்தேகப்பட்டதாலதான் எம் பொண்ணு செத்துச்சாம்மான்னு எங்கிட்ட கேட்டா" என்றாள் மட்டுவார்குழலி. "என் படிப்புல அதுக்குப் பதில் இல்ல சார்."

அற்புதசாமி மதகைவிட்டு எழுந்தார். "என்ன செய்யணும், சொல்லும்மா."

"வெள்ளிக்கிழமை காக்கிச் சட்டை போடாம வாங்க. தலையாரி வேண்டாம். கத்தவும் கூடாது. அதுதான் உங்களுக்குக் கஷ்டம்."

வெள்ளிக்கிழமை, ஊருக்கே சேர்த்துக் காப்புக் கட்டும் பெருங்காப்புத் திருநாள். தோட்டத்துக்கு அன்றுதான் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள், வரப்பெல்லாம் சேறு. கூட்டம் வாய்க்கால்வரை நின்றது. சுவாமிகள் மேடையில். மட்டுவார்குழலி பெண்கள் வரிசையிலிருந்து எழுந்து, சத்தம் போடாமல் சொன்னாள்:

"சாமி காப்புக் கட்ட ஆரம்பிக்கிற வரைக்கும் பொழுது போகணுமில்ல? ஒரு கணக்குப் பார்ப்போம். சின்ன வயசுலயோ, ஸ்கூல்லயோ, ரயில்வேயிலயோ அம்மை குத்தி, கையில தழும்பு இருக்கிறவங்க வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வாங்க. அம்மை வந்து பொழைச்சு, முகத்துல தழும்பு இருக்கிறவங்க அந்தப் பக்கம் நில்லுங்க. ரெண்டும் இருக்கிறவங்க நடுவுல, மதகு மேல நில்லுங்க."

விளையாட்டுப்போல இருந்தது. ஜனங்கள் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள். இந்தப் பக்கம் அறுபது எழுபது பேர். அந்தப் பக்கம் முப்பது பேருக்கு மேல், அதில் இரண்டு பேருக்குக் கண் இல்லை. மதகின்மேல் ஒரே ஒரு கிழவர் ஏறி நின்றார்.

"தாத்தா, உங்களுக்கு எது முதல்ல?"

"முகம்தான் தாயி முதல்ல. அதுக்கப்புறம்தான் பயந்துபோய் ஓடிக் குத்திக்கிட்டேன்" என்றார் கிழவர். "ஆடு போனப்புறம் பட்டியைச் சாத்தினவன் நான்."

சிரிப்பு எழுந்தது, எழுந்த வேகத்தில் அடங்கியது. நூறு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கையில் தழும்பு இருந்தவர்களின் முகங்கள் எல்லாம் சுத்தமாக இருந்தன. யாரும் பிரசங்கம் செய்யவில்லை. வாய்க்கால் ஒன்றுதான் நடுவே ஓடிக்கொண்டிருந்தது.

சுவாமிகளுக்குப் புரிந்துவிட்டது. ஆள் கெட்டிக்காரர். மேடையிலிருந்து இறங்கி வந்து, முகத்தை லேசாகப் பக்கவாட்டில் திருப்பி, வலது கையை உயர்த்தி, கடைசி ஆள்வரை கேட்கும்படி முழங்கினார்:

"யாரங்கே! அன்னையின் சந்நிதியில் ஆணவமா? இதோ பாருங்கள் என் கரங்களை! தழும்பு உண்டா? இதோ என் வதனம்! வடு உண்டா? நான் எந்தப் பக்கம்? நான் அன்னையின் பக்கம்!"

கூட்டம் ஆடிப்போயிற்று. "தாயே! மாரியாத்தா!" பாதிப்பேர் மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மட்டுவார்குழலி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் படித்த புத்தகம் அந்த இடத்தோடு முடிந்துவிட்டது.

அற்புதசாமியின் அனுபவம் அங்கேதான் தொடங்கியது. வசனம் பேசுமுன் முகத்தைத் திருப்பும் அந்தத் திருப்பு, கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற அந்தக் குரல்! இதை எங்கே பார்த்திருக்கிறோம்? நாடகக் கொட்டகையில்! திருச்சிக்கு வந்த எத்தனை நாடகக் கம்பெனிகளுக்கு அவர் அம்மை குத்தப் போயிருக்கிறார். ராஜபார்ட் நடிகர்கள் யாரும் கையை நீட்டமாட்டார்கள். 'கையில தழும்பு விழுந்தா ராஜா வேஷம் போச்சுங்க. தொடையில குத்துங்க' என்பார்கள்.

அவர் குனிந்து பார்த்தார். சேற்றில் நிற்கிற ஆண்பிள்ளை அத்தனை பேரும் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்கள். ஒரே ஒரு வேட்டி மட்டும் கணுக்கால்வரை தொங்கி, மேடையோரத்துச் சேற்றைப் பெருக்கிக்கொண்டிருந்தது.

அற்புதசாமி கத்தவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கும்பிட்டுக் கேட்டார்.

"சாமி, வேட்டி சேறாகுது. கொஞ்சம் மடிச்சுக் கட்டிக்குங்க."

சுவாமிகளின் கை அந்தரத்தில் நின்றது. "அபச்சாரம்!"

"வேட்டியை மடிக்கிறதுல என்னங்க அபச்சாரம்? தொடைக்கு மேல வேண்டாம், முழங்காலுக்கு மேல ரெண்டு சாண் போதும்."

கூட்டத்தில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அப்போது காளியாயி முன்னால் வந்தாள். இடுப்பில் இளையவன்.

"மடிச்சுக் கட்டுங்க சாமி. எம் பொண்ணு செத்தது என் சந்தேகத்தாலன்னு சொன்னீங்க. இப்ப மறுபடியும் எனக்குச் சந்தேகம் வருது. இந்தப் பிள்ளையும் போயிரும். மடிச்சுக் கட்டி எஞ் சந்தேகத்தைத் தீத்துருங்க."

சுவாமிகள் பின்வாசல் பக்கம் பார்த்தார். வாய்க்கால் கரையில் லாரி நின்றது. ஓடினார். வேட்டி தடுக்கியது. அன்னை குடியிருக்கும் ஆலயம் தொபுக்கடீரென்று வாய்க்காலில் விழுந்தது. வீரமலை இறங்கித் தூக்கி நிறுத்தினான். ஈர வேட்டி இடுப்போடு சுருண்டுகொண்டது. இடது தொடையில், சதுரத்துக்கு நாலு மூலையாக, நாலு தழும்புகள்.

"தேள்... தேள் கொட்டிய வடு" என்றார் சுவாமிகள். இந்தத் தடவை முன்வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை.

"நாலு தேளு, சதுரமா நின்னு, அளவெடுத்துக் கொட்டுச்சாக்கும்?" என்றார் அற்புதசாமி. "எந்தக் கம்பெனிடா நீ?"

ஆளின் பெயர் ரெங்கராஜ். கம்பெனி கலைந்துபோய் மூன்று வருஷமாகிறது. பசி என்றான். அது பொய்யாகத் தெரியவில்லை.

"நீ குத்திக்கிட்டே. அதான் தைரியமா அம்மை வீட்டுக்குள்ள போனே. இவங்களை ஏன் குத்திக்க விடல?" என்று கேட்டார் அற்புதசாமி.

"குத்திக்கிட்டா எங்கிட்ட யாரு சார் வருவா?"

அடிக்கப் பாய்ந்தவர்களை மட்டுவார்குழலி தடுத்தாள். காளியாயி அவன் எதிரே போய் நின்றாள்.

"மயிலு கையில அதைக் கட்டினியே. அப்ப உனக்குத் தெரியுமா, அது வெறும் கயிறுன்னு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் வரப்பில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். மகள் போன நாளிலிருந்து அவள் அழுதிருக்கவில்லை. அழுதால் அதுவும் சந்தேகமாகிவிடுமோ என்று அடக்கி வைத்திருந்தவள்.

போலீஸ் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போயிற்று. கதை இத்தோடு முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். நம் ஜனங்கள் அவ்வளவு சுலபமாக முடிய விடுவார்களா?

மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கே அற்புதசாமி கிணற்றடியில் கடை விரித்தார். மேலத்தோப்பே திரண்டு வந்தது, தேங்காய் பழத்தோடு! வீரமலை ஊசிப் பெட்டிக்குக் குங்குமம் வைத்தான், கற்பூரம் ஏற்றினான். "ஊசிச்சாமி" என்று அற்புதசாமியின் காலில் விழுந்தான். ஸயன்ஸ் வாத்தியார் ஸ்ரீரங்கராஜன், "நான் அப்பவே சொன்னேனே" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு பேரனோடு நின்றார். உண்மையைச் சொல்வதானால், இருபத்திரண்டு வருஷம் நாய்க்கடிக்குப் பயந்து நடந்த மனிதருக்கு அந்தக் கற்பூர வாசனை கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது. மட்டுவார்குழலி முறைத்தாள். அவர் அவசரமாகக் கற்பூரத்தை ஊதி அணைத்தார்.

கும்பிடாமல் நின்றவள் காளியாயி ஒருத்திதான். மகனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அது வெறும் கயிறு. இது வெறும் ஊசி இல்லேன்னு நான் எப்படிங்க நம்புறது?"

முந்தின வாரமாக இருந்தால் அற்புதசாமி அபராதப் புத்தகத்தைத் திறந்திருப்பார். இப்போது அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"நம்பாதேம்மா. கேளு. குத்தின இடம் நாலாம் நாள் சிவக்கும், எட்டாம் நாள் கொப்புளிக்கும், மூணு வாரத்துல பொருக்கு உதிரும். ரெண்டு நாள் காய்ச்சலும் அடிக்கலாம். தினம் நீயே பாரு. எட்டாம் நாள் நானே வருவேன், சொன்னபடி ஆகலேன்னா எல்லார் முன்னாடியும் கேளு."

காளியாயி மகனைக் கீழே இறக்கி நிறுத்தினாள். பிறகு பிள்ளையின் சட்டைக் கையைத் தானே சுருட்டிவிட்டாள்.

அன்றைக்குக் குத்திக்கொண்டவர்கள் இருநூறு பேர். கேள்வி கேட்டவள் ஒருத்தி. அடுத்த பங்குனியில் வேறொரு ரெங்கராஜ் வேறொரு வேஷத்தில் வருவான். அவனிடம் ஏமாறாதவளும் அந்த ஒருத்தியாகத்தான் இருப்பாள். மற்ற நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரே, கும்பிடும்போது இரண்டு கையும் மாட்டிக்கொள்கிறது. தொட்டுத் தடவிப் பார்க்க ஒரு கையையாவது வெளியே விட்டு வையுங்கள்!